வேட்டைத் துப்பாக்கிக்குக் குறி சேர்த்தல்

கிராம ஐக்கிய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்



காட்டை அடுத்த கிராமங்களில் துப்பாக்கியைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அதன் விலையையும், வெடிச் சத்தத்தையும், அது எத்தனை தலைமுறையாய்க் குடும்பத்தில் இருந்து வருகிறது என்பதையும் பெருமையாய்ச் சொல்வோர் பலர். ஆனால், அதே துப்பாக்கி 100 கெஜ தூரத்தில் குண்டை எவ்விடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று கேட்டால் நிச்சயமாய் விடை சொல்லக்கூடியவர் மிகச் சிலரே. குண்டு எங்கே போகும் என்பதை அறியாதவன் கையிலுள்ள துப்பாக்கி, அளவு முத்திரை இல்லாத படியைப் போன்றது. அதனால் அளக்கலாம், அளந்தது சரியென்று சொல்ல முடியாது.

ஆதலின் துப்பாக்கிக்குக் குறி சேர்ப்பது எப்படி, குண்டு செல்லும் வழி எத்தகையது, குறி சேராத துப்பாக்கியால் விளையும் தீங்கு யாரைச் சேருகிறது என்ற மூன்று விஷயங்களும் இங்கே எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுவது அவசியம். இந்தியாவில் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையாடுவதைத் தடை செய்திருக்கிறது. துப்பாக்கி வைத்திருப்பதற்கு 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின்படி லைசென்ஸ் வேண்டும். பயிர்ப் பாதுகாப்புக்கென்று நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் பெற்றவர்களும், அந்த லைசென்ஸே மிருகத்தைச் சுடுவதற்கு உத்தரவாகும் என்று எண்ணலாகாது. அதற்குரிய அதிகாரிகளின் அனுமதி வேறு. இதை மனத்தில் வைத்துக்கொண்டே பின்வருவனவற்றைக் கேட்க வேண்டும்.

சம்பாவத்துப் புலியின் பற்கள்

குறி தவறிய ஒரு குண்டு என்ன செய்யும் என்பதற்கு இமயமலைச் சாரலில் நடந்த ஒரு சம்பவத்தைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அக்காலத்தில் ஐக்கிய மாகாணத்தைச் சேர்ந்ததும், இப்பொழுது உத்தராகண்ட் ராஜ்யத்தைச் சேர்ந்ததுமான குமாவூன் பிரதேசத்தில் சம்பாவத் என்று ஓர் ஊர் உண்டு. அதைச் சுற்றிய கிராமங்களில் ஒரு பெண் புலி மனிதரைக் கொன்று தின்றுவந்தது. நேபாளத்தில் 200 பேரைக் கொன்ற பிறகு அங்குள்ள ஆயுதபாணிகளால் துரத்தப்பட்டு அது குமாவூனுக்குள் வந்தது. 4 வருஷ காலம் அங்கே உலவியது. 1907-ம் வருஷத்தில் ஜிம் கார்பெட் என்னும் வேட்டைக்காரர் அதைச் சுட்டு வீழ்த்தியபோது அதன் கணக்கில் ஏறியிருந்த மனித உயிர்கள் 436. பகலில் கதவைத் திறக்க அஞ்சிய கிராமங்களும், அறுவடையை வயலில் விட்டுவிட்ட குடியானவர்களும் உண்டு.

இறந்த புலியின் வாயைப் பார்த்தபோது காரணம் வெளிப்பட்டது. வலப்பக்கத்தில் மேல் கோரைப் பல் பாதி உடைந்திருந்தது. கீழ்ப் பல் எலும்புவரையில் போயிருந்தது. முன் ஒரு காலத்தில் பட்ட துப்பாக்கிக் குண்டினால் நேர்ந்த ஊனம் அது. அந்த ஊனத்தினால் மானையும் பன்றியையும் பிடித்துக் கொல்லும் சக்தியை இழந்து, எளிதில் அகப்படும் மனிதரை அது நாடத் தொடங்கியது என்று கார்பெட் 1944-ம் வருஷத்தில் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். அக் குண்டைச் சுட்டவர் இன்னார் என்று அதில் காணவில்லை. அவர் குறி பார்த்தது நெஞ்சையோ தலையையோ, தெரியாது. குண்டு போய்ச் சேர்ந்தது பல்லில். ஒருவர் கையிலிருந்து பிசகிய ஒரு குண்டின் கடனை, அவரை ஒருபோதும் கண்டறியாத ஊர்களின் பெண்டுகளும் பிள்ளைகளும் செலுத்தினார்கள்.

அதே சம்பவத்தில் இன்னொரு துப்பாக்கியும் வருகிறது. புலியை வளைப்பதற்காகச் சம்பாவத் தாசில்தார் சுற்றுக் கிராமத்தாரைத் திரட்டினார். 298 பேர் கூடினார்கள். மலை முகட்டில் வரிசையாய் நின்று கூச்சலிட்டும், கற்களை உருட்டியும், வேட்டுப் போட்டும் புலியைக் கலைத்தது அவர்களே. கார்பெட் தம்முடன் கொண்டுவந்த தோட்டாக்கள் 3. அவை தீர்ந்த பிறகும் காயம்பட்ட புலி நின்றுகொண்டிருந்தது. உடனே அவர் ஓடிச்சென்று தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு திரும்பினார். வரும் வழியில் பார்த்தால், அதன் குழாய்க்கும் அடிக்கட்டைப் பூட்டுக்கும் நடுவே ஏறக்குறைய எட்டில் மூன்று அங்குல இடைவெளி! வேறு வழியின்றி 20 அடி தூரத்தில் நின்ற புலியின் திறந்த வாயைக் குறி பார்த்துச் சுட்டார். குண்டு வாயில் படவில்லை, வலக்காலில் பட்டது. பிசகு தம்முடையதாகவும் இருக்கலாம், 20 அடிக்குக்கூடக் குண்டை நேராய் எறியும் திறமை அத் துப்பாக்கிக்கு இல்லாமலும் இருக்கலாம் என்று அவரே எழுதுகிறார். முன்னமே பட்ட குண்டுகளால் புலி இறக்குந் தறுவாயில் இருந்தபடியால் அபாயம் நேரவில்லை. சில மாதங்களுக்குப் பின் நைனிதாலில் நடந்த தர்பாரில், மாகாண லெப்டினெண்டு கவர்னர் அத் தாசில்தாருக்கு ஒரு துப்பாக்கியைப் பரிசளித்தார்.

298 பேருடைய துணிவும், தேர்ந்த வேட்டைக்காரர் ஒருவருடைய திறமையும், கடைசி நிமிஷத்தில் சோதித்துப் பாராத ஒரு கருவியை நம்பி நிற்க நேர்ந்தது என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

குண்டு செல்லும் வழி

இனிக் குண்டின் வழியைப் பார்ப்போம். குண்டு குழாயை விட்டு வெளிப்பட்டுச் சிறிது தூரம் நேராய்ச் சென்று, பிறகே தாழத் தொடங்குகிறது என்று அநேகர் எண்ணுகிறார்கள். ஐரோப்பாவிலும் வெகுகாலம் அப்படியே எண்ணிவந்தார்கள். இத்தாலியரான டார்ட்டாக்லியா, அதன் வழி முழுவதும் வளைந்ததே என்று கண்டார். 1638-ல் வெளியான நூலில் கலிலியோ, அவ்வளைவின் கணக்கைச் சொன்னார்.

அதன் சாரம் எளிது. கிணற்றுத் துலாவின் உச்சியிலிருந்து ஒரு கல்லைச் சும்மா கைவிட்டு, அதே கணத்தில் மற்றொரு கல்லைக் கிடையாய் வீசி எறிந்தால், சமதரையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் விழும். வீசிய கல் தூரம் போகிறதேயன்றி, விழும் வேலையை நிறுத்தி வைப்பதில்லை. குண்டும் அப்படியே. குழாயின் வாயை விட்ட கணம் முதலே அது விழுந்துகொண்டுதான் போகிறது.

எவ்வளவு விழுகிறது? சிப்பாய்கள் இரண்டு உலக யுத்தங்களிலும் ஏந்திய .303 ரைபிளை உதாரணமாய்க் கொள்ளலாம். அதன் 7-ம் மார்க் குண்டின் நிறை 174 கிரெய்ன். குழாயை விட்டுப் புறப்படும்போது வேகம் விநாடிக்கு 2,440 அடி. 100 கெஜத்தைக் கடக்க அதற்கு ஒரு விநாடியில் எட்டில் ஒரு பங்கு நேரமே செல்லும். அதற்குள் சுமார் 3 அங்குலம் விழுந்துவிடுகிறது. 200 கெஜத்திலோ சுமார் 13 அங்குலம். தூரம் இரட்டித்தால் வீழ்ச்சியும் இரட்டிக்கும் என்று நினைப்பது தவறு. அது நான்கு மடங்குக்கும் மேலாகிறது. தூரத்தைக் கண்ணால் மட்டிட்டுப் பிசகுகிறவன் இங்கேதான் ஏமாறுகிறான்.

நான்கு மடங்குக்கு மேல் ஆவதன் காரணம் காற்றின் தடை. இதை முதலில் சரியாய் அளந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலக் கணித நிபுணர். அவர் கையாண்ட உபாயம் வெகு சாதாரணமானது. கனமான மரப் பலகையை ஊஞ்சல்போல் தொங்கவிட்டு, அதன்மேல் குண்டைச் சுட்டார். குண்டு தைத்தவுடன் பலகை எவ்வளவு பின்னுக்கு ஆடியது என்பதை, அதில் கட்டியிருந்த நாடாவினால் அளந்தார். பலகையின் நிறையும் ஆட்டமும் தெரிந்தால் குண்டின் வேகம் கணக்கில் வந்துவிடும். பலகையை அருகிலும் தூரத்திலும் வைத்துச் சுட்டுப் பார்த்து, வேகமாய்ச் செல்லும் குண்டைக் காற்று தடுக்கும் பலம் அக் குண்டின் நிறையைப் போலப் பல மடங்கு என்று கண்டார். 1742-ல் அவர் வெளியிட்ட நூலை, பிரசித்தி பெற்ற கணித மேதை ஆய்லர் 1745-ல் ஜெர்மன் பாஷையில் மொழிபெயர்த்தார்.

இந்த ராபின்ஸின் வாழ்க்கை முடிந்த இடம் தமிழ்நாடே. கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் செப்பனிடும் பொறுப்பை ஏற்று 1750-ல் இந்தியாவுக்கு வந்த அவர், 1751-ல் கடலூரை அடுத்த செயிண்ட் டேவிட் கோட்டையில் தமது 44-ம் வயதில் காலமானார். உலகமெங்கும் குண்டின் வேகத்தைக் கணிக்கும் சாஸ்திரத்துக்கு அடிகோலியவர் தென்னார்க்காட்டுக் கடற்கரையில் உயிர் நீத்தார் என்பதை அப்பக்கத்தார் பலரும் அறியார்.

குழாயின் உள்ளே திருகுசுற்றாய்க் காடி வெட்டிய ரைபிளின் மேன்மையை எடுத்துரைத்தவரும் அவரே. பம்பரம் சுழலும்வரையில் சாயாமல் நிற்கிறது. சுழற்சி நின்றால் விழுகிறது. காடிகளின் வழியாய்ச் சுழன்று வெளிப்படும் குண்டும் அதுபோலவே தலை தடுமாறாமல் போகிறது. மேற்சொன்ன .303 ரைபிளில் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்றாகக் காடி அமைந்திருப்பதால், குண்டு விநாடிக்கு 2,900 சுற்றுக்கு மேல் சுழன்றுகொண்டு புறப்படுகிறது. காடியில்லாத நாட்டுத் துப்பாக்கியின் உருண்டைக் குண்டுக்கு இந்த உதவி இல்லை. அதை அருகிலன்றித் தூரத்தில் நம்பலாகாது.

பார்வைக் கோடும் குழாய்க் கோடும்

கண், பின் குறி, முன் குறி, இலக்கு ஆகிய நான்கும் ஒரே நேர்கோட்டில் நிற்பது பார்வைக் கோடு. குழாய் இக்கோட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. குண்டு விழுந்துகொண்டே செல்வதால், குழாயின் வாய் அணுப்பிரமாணம் மேல்நோக்கி இருக்கும்படி குறிகளை அமைக்கிறார்கள். ஆகவே குண்டு கீழிருந்து எழுந்து, பார்வைக் கோட்டைக் கடந்து, சிறிது மேலே சென்று, மறுபடியும் இறங்கி அக்கோட்டைத் தொடுகிறது. இறங்கித் தொடும் அந்தத் தூரத்தை நிச்சயப்படுத்திக்கொள்வதே குறி சேர்த்தல் என்பது.

முன் சொன்ன ரைபிளில் குறிகள் குழாயின் நடுவுக்கு 1 அங்குலம் மேலே இருந்து, 100 கெஜத்துக்குக் குறி சேர்த்திருந்தால், 25 கெஜத்தில் குண்டு ஏறக்குறைய இலக்கிலேயே படும். 200 கெஜத்தில் சுமார் 6 அங்குலம் கீழே படும். இந்த 6 அங்குலமே நெஞ்சில் படவேண்டிய குண்டு காலில் படுவதற்குப் போதும்.

குறி சேர்க்கும் முறை

முதலாவது, இடம். இலக்குக்குப் பின்னால் உயர்ந்த மண்மேடு இருக்க வேண்டும். ரைபிள் குண்டு ஒரு மைலுக்கு அப்பாலும் ஆளைக் கொல்லும். பாறையிலும் நீரிலும் பட்டுத் தெறிக்கும். ஊர் மந்தையும் ஏரிக்கரையும் இதற்கு ஏற்ற இடங்கள் அல்ல. சட்டப்படி அனுமதி பெற்ற சுடும் மைதானமே உத்தமம்.

இரண்டாவது, கருவி. குழாயையும் கட்டையையும் பிணைக்கும் திருகாணிகள் இறுக்கமாய் இருக்கின்றனவா, குறிகள் ஆடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். குழாய்க்குள் இருக்கும் எண்ணெயைத் துடைத்து உலர்த்த வேண்டும். எண்ணெய்ப் பூச்சோடு சுடும் முதற்குண்டு தனி வழியே போகும். தோட்டாக்கள் ஒரே வகையாய் இருத்தல் வேண்டும். வகை மாறினால் நிறையும் வேகமும் மாறும். சேர்த்த குறியும் மாறிப்போகும். நாட்டுத் துப்பாக்கியாயின் மருந்தை ஒவ்வொரு முறையும் ஒரே அளவாய் அளந்து இட வேண்டும். கையால் மதிப்பிட்டு இடுவது கூடாது.

மூன்றாவது, இருக்கை. மணல் நிரப்பிய பைகளின்மேல் துப்பாக்கியின் கட்டையைத் தாங்கவிட வேண்டும். குழாயையே பையின்மேல் வைத்தால், சுடும்போது அது துள்ளிக் குண்டைத் திசை மாற்றும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையைச் சட்டென்று இழுக்காமல் மெல்ல மெல்ல அழுத்த வேண்டும். எந்தக் கணத்தில் வெடிக்கும் என்று கைக்குத் தெரியாதபடி அழுத்துவதே முறை. தெரிந்தால் தோள் முன்னதாகவே கூசும்.

நான்காவது, தூரம். எடுத்த எடுப்பில் 100 கெஜத்தில் தொடங்குவது தோட்டாவை வீணாக்குவதாகும். குறி பெரிதும் பிசகியிருந்தால் குண்டு பலகையிலேயே படாது. எப்பக்கம் பிசகியது என்றும் தெரியாது. 25 கெஜத்தில் தொடங்கி, அங்கே சரிப்படுத்திய பிறகு 100 கெஜத்துக்குப் போக வேண்டும்.

ஐந்தாவது, 3 குண்டுகள். ஒரே புள்ளியைக் குறி பார்த்து 3 குண்டுகள் சுட்டபிறகே பலகையிடம் போக வேண்டும். ஒவ்வொரு குண்டுக்கும் ஒருமுறை குறியைத் திருத்துகிறவன் தன் நிழலைத் துரத்துகிறவனுக்குச் சமானம். 3 துளைகளும் நெருங்கியிருந்து, புள்ளிக்கு விலகியிருந்தால் குற்றம் குறியினுடையது, அதைத் திருத்தலாம். துளைகள் ஒன்றுக்கொன்று விலகிச் சிதறியிருந்தால் குற்றம் சுடுகிறவன் கையிலோ, தளர்ந்த திருகாணியிலோ, கலப்புத் தோட்டாவிலோ இருக்கிறது. அப்பொழுது குறியைத் தொடவே கூடாது. குறி சேர்த்தலில் அநேகர் செய்யும் பெரும் பிழை, சிதறலைக் குறியினால் திருத்த முயல்வதே. வரவு செலவுச் சீட்டுகளே தாறுமாறாய் இருக்கும்போது, மொத்தத்தை மாத்திரம் மாற்றி எழுதினால் கணக்கு நேராகாது என்பது சங்கப் பஞ்சாயத்தார் அறிந்ததே.

ஆறாவது, திருத்தும் திசை. குண்டு எப்பக்கம் போக வேண்டுமோ அப்பக்கமே பின் குறியை நகர்த்த வேண்டும். மேலே போக வேண்டுமானால் பின் குறியை உயர்த்தவும்; வலத்தே போக வேண்டுமானால் வலத்தே நகர்த்தவும். முன் குறியை நகர்த்துவதானால் இவை யாவும் நேர் எதிர். எவ்வளவு நகர்த்துவது என்பதற்கும் கணக்கு உண்டு. இரண்டு குறிகளுக்கும் இடையே 24 அங்குலம் இருப்பதாக வைத்துக்கொண்டால், 100 கெஜமாகிய 3,600 அங்குலம் அதைப்போல் 150 மடங்கு. ஆகையால் பின் குறியை ஓர் அங்குலத்தில் ஐம்பதில் ஒரு பங்கு நகர்த்தினாலும், இலக்கில் குண்டு 3 அங்குலம் நகரும். சுத்தியால் ஓங்கித் தட்டும் வேலையன்று இது. தட்டான் பட்டறை வேலை.

ஏழாவது, மறு சோதனை. திருத்திய பின் குழாயை ஆறவிட்டு, மறுபடியும் 3 குண்டுகள் சுட்டுப் பார்க்க வேண்டும். தேதி, தூரம், தோட்டாவின் வகை, துளைகள் விழுந்த இடம் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் குறித்து வைக்க வேண்டும். துப்பாக்கி கீழே விழுந்தாலும், கட்டையைக் கழற்றி மாட்டினாலும் பழைய குறியை நம்பாமல் திரும்பவும் சோதிக்க வேண்டும்.

காற்றும் மனமும்

குறி சேர்ந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ணலாகாது. மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, மேற்படி குண்டை 100 கெஜத்தில் 1 அங்குலத்தை ஒட்டியும், 200 கெஜத்தில் 4 அங்குலத்தை ஒட்டியும் ஒதுக்கிவிடும். தூரம் கூடக் கூட வீழ்ச்சியும் ஒதுக்கமும் சேர்ந்து பெருகும். மணல் பையின்மேல் அமர்ந்து சுட்டவனுடைய கை, ஓடி இளைத்து நின்று சுடும்போது அவ்வாறு நிற்காது. இவற்றையெல்லாம் அறிந்தவனுக்கு, எந்தத் தூரத்துக்கு அப்பால் தான் சுடலாகாது என்ற எல்லை தெரியும். அந்த எல்லையை அறிவதே குறி சேர்த்தலின் முடிவான பயன். நூறு கெஜத்தில் பலகையில் கையகல வட்டத்துக்குள் குண்டுகளைச் சேர்க்க முடியாதவன், அத்தூரத்தில் உயிருள்ள பிராணியைக் குறி பார்ப்பது முறையன்று. அவனுக்குரிய தூரம் ஐம்பது கெஜமானால் ஐம்பது கெஜமே. இருட்டிலும், புதருக்குள் அசைவு மட்டும் கண்ட இடத்திலும் யாருக்கும் தூரம் என்பதே இல்லை.

குண்டு துப்பாக்கியை விட்ட பிறகு அதைத் திருப்பி அழைக்க ஒருவராலும் ஆகாது. அது பட்ட இடத்தின் பொறுப்பு சுட்டவனைச் சேர்ந்ததாயினும், அதன் விளைவு அவனோடு நிற்பதில்லை. காயத்தோடு ஓடிய மிருகம் அடுத்த ஊர்க் கொல்லையில் தங்குகிறது. அதிகாலையில் விறகுக்கும் தண்ணீருக்கும் போகிறவர்கள் அதன் எதிரே அகப்படுகிறார்கள். ஒருவன் வாங்கிய கடனுக்கு எல்லோரும் பொறுப்பேற்பது முன்னாளில் ஐக்கிய சங்கத்தில் அங்கத்தினர் தாமாக ஒப்புக்கொண்டிருந்த ஏற்பாடு. ஒருவன் சோதியாத துப்பாக்கிக்கு எல்லோரும் பொறுப்பேற்பதோ ஒருவரும் ஒப்புக்கொள்ளாமலே நேர்வது.

ஆதலால் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி உள்ள ஒவ்வொரு கிராமத்திலும், வருஷத்துக்கு ஒருமுறை, அனுமதி பெற்ற மைதானத்தில், அறிந்தவர் மேற்பார்வையில், அத் துப்பாக்கிகளையெல்லாம் ஒன்றாய்க் கூடிச் சோதித்து, அதன் விவரத்தை எழுதி வைப்பது நலம். அதற்கு ஆகும் செலவு சில தோட்டாக்களும், சில மணல் பைகளும், ஒரு காலைப் பொழுதுமே.